ஏழு சூரியன்களைத் தொலைத்த ஞாயிற்றுக்கிழமை

எதையாவது தொலைப்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல தேர்ச்சி உண்டு. குடை, பேருந்து அட்டை, சித்தியிடம் இரவல் வாங்கிய கம்மல், ஒரு முறை ஒற்றைச் செருப்பு (மற்றதை மட்டும் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தேன்). இவையெல்லாம் ஊரில் எல்லாரும் தொலைக்கிற சாமான்கள். ஆனால் ஏழு சூரியன்களின் எடை கொண்ட ஒரு கருந்துளையை, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு, ஜார்ஜ்டவுனில், நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொலைத்தவள் அநேகமாக நான் ஒருத்திதான்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பினாங்குத் தீவின் கெலுகோரில், பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். வானியல் படிக்கிறேன் என்றதும் எல்லாரும் நான் மொட்டை மாடியில் தொலைநோக்கியோடு நிற்பதாக நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் நான் உட்கார்ந்திருந்தது ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஏர்கோன் குளிருக்கு உள்ளே போகும்போது ஸ்வெட்டர் போட வேண்டும், வெளியே வந்தால் வேர்வையில் கழற்ற வேண்டும். உலகத்தின் மறுகோடியில் ஒரு பாலைவன மலை உச்சியில் யாரோ எடுத்து, பொதுவில் வைத்திருந்த அளவுகளை இறக்கிக்கொண்டு கணக்குப் போடுவதுதான் என் வானியல். என்னுடைய நட்சத்திரத்தை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. பினாங்கு மேகமும் விளக்கு வெளிச்சமும் நிலாவையே நமக்குப் பாதி நாள்தான் காட்டுகின்றன.

என் நட்சத்திரத்துக்குப் பெயர் கிடையாது. கார் நம்பர் பிளேட் மாதிரி நீளமாக ஓர் எண். திருவாதிரைக்குக் கொஞ்சம் கிழக்கே தேட வேண்டும். சூரியனைப் போல் பதினைந்து மடங்கு எடை, நீல நிறம், பயங்கரக் கொதிப்பு. அதன் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. அந்தச் சுற்றலில், மருத்துவமனை எக்ஸ்ரேயைப் பச்சைக் குழந்தை ஆக்கிவிடும் ஆற்றலோடு காமா கதிர்கள் கிளம்புகின்றன. கதிர்களை வைத்துத்தான் அங்கே ஒரு ஜோடி இருக்கிறது என்றே கண்டுபிடித்தார்கள். ஒளிந்திருக்கும் ஜோடி யார் என்பதுதான் கேள்வி. செத்துச் சுருங்கிப்போன நியூட்ரான் நட்சத்திரமா, கருந்துளையா? தெரிய வேண்டுமானால் பெரிய நட்சத்திரத்தின் சுற்றுப்பாதையை அளக்க வேண்டும்.

அளக்கும் வழியைக் கேட்டால் உங்களுக்கும் என்னைப் போலவே வாய் பிளந்துவிடும். நட்சத்திரத்தின் ஒளியை வானவில்லாகப் பிரித்தால் அதில் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். நகர்வது ஒரு மயிரிழைதான். அந்த மயிரிழையை அளந்தால், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளியை வைத்து, அந்த நட்சத்திரம் அன்றைக்கு வினாடிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் ஆடியது என்று சொல்லிவிடலாம். ஆட்டத்தை வைத்து, ஆட்டி வைப்பவரின் எடையையும் சொல்லிவிடலாம். கெலுகோரில் உட்கார்ந்துகொண்டு! இது முதல் முறை புரிந்த அன்று நான் மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன். (நான் சாப்பிட மறப்பது எங்கள் வீட்டில் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டிய அறிகுறி.)

அம்மாவுக்கு இந்தப் பிரமிப்பெல்லாம் போதவில்லை. அவர் கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்பவர். அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுபவர், வாரத்தில் பாதி நாள் ஜொகூர்ப் பக்கம் இருப்பார். "ரெண்டு வருஷமா புள்ளியப் பாத்துக்கிட்டே இருக்கே. இந்த வருஷக் கடைசிக்குள்ள எதாச்சும் கண்டுபிடி. இல்லன்னா எங்க ஃபேக்டரில எஞ்சினியர் வேல காலி இருக்கு, இன்டர்வியூக்குப் போயிடணும், சொல்லிட்டேன்" என்பது அம்மாவின் தீர்ப்பு. நானும் தலையாட்டியிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான், மழை கொட்டிய ஒரு பிற்பகலில், மூன்று ஆண்டு அளவுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் அலை அலையாக ஏறி இறங்கின. சந்தேகத்துக்கு இடமில்லாத, பாடப்புத்தகத்தில் அச்சடித்தது போன்ற அலை. ஒரு சுற்றுக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள். வேகம் வினாடிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் முன்னும் பின்னும். சூத்திரத்தில் போட்டேன். ஒளிந்திருப்பவரின் எடை குறைந்தது ஏழு சூரியன். நியூட்ரான் நட்சத்திரம் அவ்வளவு எடை தாங்காது. அப்படியென்றால் கருந்துளை!

அந்த ஏர்கோன் அறையில் எனக்கு வேர்த்தது.

என் மேற்பார்வையாளர் டாக்டர் ரொஸ்னா அப்போது மூன்று வாரக் கருத்தரங்குக்காக வெளிநாட்டில் இருந்தார். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், நாலு வார்த்தைக்கு மேல் எழுதமாட்டார். நான் மூன்று நிமிடம் மூச்சு வாங்க அனுப்பிய குரல் செய்திக்கு அவரிடமிருந்து வந்த பதில்: நான் வரும்வரை யாரிடமும் சொல்லாதே.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். (அம்மா 'யாரிடமும்' கணக்கில் வருவாரா என்ன?) அம்மாவும் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய தம்பி குணா மாமாவிடம் மட்டும் சொன்னார். குணா மாமா காப்புறுதி முகவர். ஆகவே, அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் ஐந்நூறு பேருக்குத் தெரிந்த மாதிரி. போதாக்குறைக்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சங்கத்துக்குச் செயலாளர்.

மறுநாளே போன் வந்தது.

"தர்ஷி, வர்ற ஞாயித்துக்கெழம எஸ்.பி.எம். பரீட்சையில நல்லா செஞ்ச புள்ளைங்களுக்குப் பரிசு குடுக்கிறோம். பேச வர்றதா இருந்த டாக்டரு கடைசி நேரத்துல முடியலன்னுட்டாரு. நீ வந்து முக்கா மணி நேரம் பேசிடு லா."

"மாமா, எங்க புரொஃபசர் யார்கிட்டயும் சொல்லாதேன்னு..."

"நீ யார்கிட்ட சொல்லப் போறே? நம்ம ஆளுங்ககிட்டதானே. அவங்களுக்கு என்னா புரியப் போவுது?"

இந்த ஒரு வாக்கியத்தை நம்பியதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படுகிறேன். மற்றத் தப்புகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் வீடு இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். அம்மா ஓவர்டைமை விட்டுக்கொடுத்துவிட்டு, கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். என் அடையாள அட்டைப் புகைப்படம் (அதில் நான் எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் போல இருப்பேன்), பின்னால் நட்சத்திரங்கள், கீழே பெரிய எழுத்தில் 'கருந்துளி கண்ட பினாங்குக் காரிகை'.

"மாமா, துளை. துளி இல்ல."

மாமா பேனரை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "தொளன்னா ஓட்டை மாதிரி இருக்கு. துளி நல்லா இருக்குலா, விடு."

உள்ளே நூறு பேர் இருப்பார்கள். பரிசு வாங்க வந்த பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், முன்வரிசையில் சங்கத்துப் பெரியவர்கள், பின்னால் வடையும் மீ கோரேங் நூடுல்ஸும் தே தாரேக் தேநீரும் அடுக்கிய மேசை. குணா மாமா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து ஃபேஸ்புக்கில் நேரலை வேறு ஆரம்பித்துவிட்டார்.

பேச்சு நன்றாகவே போனது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதுதான் சோகமே. ஒளி நகர்வதை விளக்க, ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிளை உதாரணம் காட்டினேன். "அவரு அவ்ளோ வேகமா போக மாட்டாரே" என்று ஒரு பையன் சொன்னதால் ஆம்புலன்ஸுக்கு மாறினேன். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு திரையில் என் அலையைக் காட்டினேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, பதினைந்து சூரியன் எடையுள்ள நட்சத்திரத்தைப் பிடித்து ஆட்டுகிறது, அந்த ஆட்டம்தான் இது என்று சொன்னபோது, அம்மா பக்கத்து இருக்கைக்காரரிடம் மெதுவாக "எம் பொண்ணு" என்று சொன்னதை உதட்டசைவிலேயே படித்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் கையை விரித்து, குரலைத் தாழ்த்தி, "இதில் இன்னோர் அற்புதம் பாருங்கள். பல ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் அந்த நட்சத்திரத்தின் ஓர் ஆண்டும் நம்முடைய ஓர் ஆண்டும் ஒரே நீளம்! பிரபஞ்சத்தின் தாளத்தோடு நாம் எவ்வளவு ஒத்துப்போகிறோம்!" என்றேன். கைதட்டல் எழுந்தது. குணா மாமா பொன்னாடையோடு எழுந்துவிட்டார்.

அப்போது நாலாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. முப்பத்தைந்து நாற்பது வயதுப் பெண்மணி. தொழிற்சாலைச் சட்டையிலேயே வேலை முடிந்து நேராக வந்திருந்தார். அவருடைய மகளும் பரிசு வாங்க வந்தவள். பெயர் பவானி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"தங்கச்சி, ஒரு டவுட்டு. ஒரு சுத்துக்கு எவ்ளோ நாளுன்னு சொன்னீங்க?"

"முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள்க்கா."

"நம்ம வருஷமேதான்?"

"நம்ம வருஷமேதான்க்கா!" (எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் தெரியுமா.)

"எந்த மாசத்துல நம்ம பக்கம் வேகமா வருது?"

"செப்டம்பர்ல."

"எல்லா வருஷமும் செப்டம்பர்லயா?"

"எல்லா வருஷமும். மார்ச்ல விலகிப் போகும்."

அவர் காதோரத்தைச் சொறிந்துகொண்டார். கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. "இல்ல, நான் பிறையில கியூசி டிபார்ட்மென்ட்ல இருக்கேன். பீசெல்லாம் அளந்து பாக்கிற வேல. எல்லா பீசும் ஒரே நேரத்துல பெருசாவும், ஒரே நேரத்துல சின்னதாவும் வந்துச்சின்னா, நாங்க பீச சந்தேகப்பட மாட்டோம். அளக்கிற மேசக்கி என்னா ஆச்சின்னுதான் பாப்போம். ஒரு தடவ பக்கத்துல கம்ப்ரசர் ஓடி மேசயே ஆடிக்கிட்டு இருந்திச்சி. அதான் கேக்குறேன். நீங்க அளக்கிற மேச ஆடலதானே?"

ஆடாது அக்கா, என்று சொல்ல வாயைத் திறந்தேன்.



என் மேசை ஆடிக்கொண்டுதான் இருந்தது. அளந்தது அந்தப் பாலைவன மலைத் தொலைநோக்கி. மலை நிற்பது பூமியின் மேல். பூமி சூரியனைச் சுற்றுகிறது. செப்டம்பரில் அது என் நட்சத்திரத்தை நோக்கி ஓடும், மார்ச்சில் விலகி ஓடும். கணினி நிரலில் முதல் கேள்வியே அதுதான்: பூமியின் ஓட்டத்துக்கான திருத்தம் செய்யவா? ஆம், வேண்டாம். அதற்கு முன் பயிற்சிக்காக நான் வாங்கிய அளவுகளிலெல்லாம் அந்தத் திருத்தத்தைச் செய்தே கொடுத்திருந்தார்கள். இதிலும் செய்திருப்பார்கள் என்று நினைத்து, ஆறு மாதத்துக்கு முன், அலட்சியமாக 'வேண்டாம்' என்று தட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

நான் கருந்துளையைக் கண்டுபிடிக்கவில்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதைக் கண்டுபிடித்திருந்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம். முன்வரிசையில் இருந்த பெரியவர்களுக்குக்கூடத் தெரியும்.

பேச்சாளர்களுக்கு இந்த நேரத்தில் கைகொடுக்க ஒரு வாசகம் இருக்கிறது: நல்ல கேள்வி, பிறகு தனியாகப் பேசுவோம். அது என் நாக்கு நுனி வரை வந்தது. பொன்னாடை நாலடி தூரத்தில். நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா மயில்கழுத்துப் பட்டில். சும்மா புன்னகைத்துவிட்டு இறங்கினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நாலாவது வரிசையில் பவானி அக்கா பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வேலையில் ஒரு நாளும் தப்பு பீஸைத் தெரிந்தே வெளியே விடாத ஒருவரின் முகம் அது. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"அக்கா," என்றேன். மைக்கில் என் குரல் கொசு மாதிரி கேட்டது. "மேச ஆடுதுக்கா."

"எந்த மேச?"

"நாம நிக்கிற மேச. பூமி."

நான் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். இந்த அலை நட்சத்திரத்தின் ஆட்டம் இல்லை. நம் ஆட்டம். நான் கழிக்க மறந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப அந்தக் கருந்துளி?"

"இல்லீங்க ஐயா."

"இல்லியா?"

"இப்போதைக்கு இல்லீங்க."

வெட்கத்தில் காது மடல் சுட்டது. எங்கள் ஊரில் இதற்கு 'மாலு' என்பார்கள். தமிழ் வெட்கத்தைவிட அது இரண்டு பங்கு பெரியது. மேடையில் ஓர் ஓட்டை இருந்தால் இறங்கியிருப்பேன். ஓட்டையைத்தான் தொலைத்துவிட்டேனே.

பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரையைத் திரும்பிப் பார்த்தேன். அந்த நொடியில்தான் புரிந்தது. அந்த அலையை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் அதில் இருப்பது யார் என்று தெரியாமல் பார்த்திருக்கிறேன். அதில் இருப்பது நாம். பூமி நகர்கிறது என்று எனக்குப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள், நானும் நம்பியிருந்தேன். இப்போதோ, என் கையால், மயிரிழை மயிரிழையாக அளந்து வைத்திருக்கிறேன். எத்தனையோ ஆயிரம் ஆண்டு பயணம் செய்து வந்த ஒளி, கடைசி நொடியில் நம்மைத் தொடும்போது, நீங்கள் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

மைக்கை மறுபடியும் பிடித்தேன். இந்த முறை பேச்சைத் தயாரிக்கவில்லை.

"நாம இப்ப வினாடிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்துல போய்க்கிட்டு இருக்கோம். பினாங்குப் பாலத்த ஒரு வினாடியில ரெண்டு தடவ தாண்டுற வேகம். நான் பேச ஆரம்பிச்சு முக்கா மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள இந்த மண்டபம், நாற்காலி, நாம எல்லாரும் சேர்ந்து எண்பதாயிரம் கிலோமீட்டர் வந்துட்டோம். அந்தத் தே தாரேக்கு ஒரு சொட்டுகூடச் சிந்தல."

எல்லாத் தலைகளும் ஒன்றாகத் தே தாரேக் பக்கம் திரும்பின. ரொட்டிக்காரரைப் பற்றிக் கேட்ட பையன் காலுக்குக் கீழே தரையைப் பார்த்தான். முன்வரிசைப் பெரியவர், தன்னை அறியாமல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஒருவரும் கைதட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. அதற்கு முன்பும் பின்பும் நான் எத்தனையோ பேச்சு பேசியிருக்கிறேன், அந்த மாதிரி ஓர் அமைதி எனக்கு மறுபடி கிடைத்ததில்லை.

குணா மாமாதான் கலைத்தார். என் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, காதோடு, "எதுவா இருந்தாலும் துணி வாங்கியாச்சு" என்றார்.

தேநீர் நேரத்தில் ஒரு மூலையில் ஒளிந்துகொண்டேன். பவானி அக்கா தட்டில் வடையோடு தேடிக்கொண்டு வந்தார். முகம் வாடியிருந்தது.

"உங்க விஷயத்த நான் கெடுத்துட்டேன் தங்கச்சி. சும்மா கேட்டேன், சத்தியமா."

"நீங்க கேக்கலன்னா உலகம் முழுக்கக் கேட்டிருக்கும்க்கா."

"அத எப்படித்தான் அளக்குறீங்க? கொஞ்சம் காட்டுறீங்களா?"

வடைத் தட்டைத் தள்ளிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். கோடுகளைக் காட்டினேன். அவர் கண்களைச் சுருக்கி, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் எவ்வளவு பிழை வரும் என்று கேட்டார். சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். "இவ்ளோ சின்னதா? அப்ப உங்க அளவு ஓகேலா. பூமியோட வேகம் கரெக்டா வந்திருக்குல்ல? மேசயோட ஆட்டத்தக் கழிச்சிடுங்க. மிச்சம் என்னா இருக்கோ அதான் பீசு."

நிரலைத் திறந்தேன். அதே கேள்வி வந்தது. இந்த முறை 'ஆம்' என்று தட்டினேன். திரையில் என் அழகான அலை, ஏழு சூரியன்கள், இரண்டு வருட உழைப்பு, எல்லாம் ஒரு நொடியில் சரிந்து, புள்ளிகள் ஒரே நேர்க்கோடாகப் படுத்துவிட்டன.

"செத்துப் போச்சுக்கா," என்றேன்.

அவர் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். "செத்தது இப்படி நெளியாது தங்கச்சி."

பெரிதாக்கிப் பார்த்தேன். நேர்க்கோடு இல்லை. ரொம்பச் சின்னதாக, வெட்கப்பட்டுக்கொண்டு, புள்ளிகள் மேலும் கீழும் போயின. பூமியின் பேரலைக்கு அடியில் இத்தனை நாளாய் ஒளிந்திருந்த சின்ன நெளிவு. பின்னால் யாரோ மீ கோரேங்கைத் தாப்பாவ் பண்ணி வீட்டுக்கு எடுத்துப்போகப் பிளாஸ்டிக் பை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் கைப்பேசியைப் பார்த்தேன். டாக்டர் ரொஸ்னாவிடமிருந்து செய்தி வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. குணா மாமாவின் நேரலை யார் யார் வழியாகவோ கண்டம் தாண்டி அவரை அடைந்துவிட்டது. அவருக்குத் தமிழ் தெரியாது. வரைபடத்துக்கு மொழி வேண்டியதில்லை. செய்தியில் ஒரே ஒரு கேள்வி: 365?

வாசலுக்குப் போய், பேனருக்குப் பின்னால் நின்று அழைத்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் எடுத்த எடுப்பில், "வேகம் எவ்வளவு வந்தது?" என்றார்.

"இருபத்தெட்டு."

"அந்தத் திசைக்கு, பூமியின் முப்பதில் இருபத்தெட்டுதான் வர வேண்டும். நன்றாக அளந்திருக்கிறாய்." பிறகு குரல் மாறியது. யாரிடமும் சொல்லாதே என்றால் என்ன அர்த்தம் என்பதை அடுத்த பத்து நிமிடம், இரண்டு மொழிகளில், நாலு வார்த்தைக்கு மேல் எழுதாத அந்த மனுஷி விளக்கினார். நியாயமாகவே விளக்கினார். நான் அழுதேன். மிச்சத்தில் ஒரு நெளிவு இருக்கிறது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னதும், "அனுப்பு. இப்போதே," என்றார்.

திரும்பும்போது அம்மா ஃபெர்ரியில் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்டர்வியூ தேதியைத்தான் யோசிக்கிறார் என்று நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கடல் பொன் நிறத்தில் இருந்தது. எதிரே பிறைப் பக்கத்துப் புகைபோக்கிகள். பாதிக் கடல் தாண்டியதும்தான் கவனித்தேன், அம்மா இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என்னாம்மா?"

"இப்பவும் போய்க்கிட்டு இருக்கோமா? அந்த முப்பது கிலோமீட்டரு?"

"இப்பவும்தான்."

"தூங்கும்போதும்?"

"தூங்கும்போதும்."

அம்மா கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "இவ்ளோ வேகத்துல போறோம்னு தெரியாமயே இத்தன வருஷம் ஷிஃப்டு பாத்திருக்கேன் பாரு. ஃபெர்ரிக்காரன் என்னமோ பட்டர்வொர்த்துக்கு மட்டும்தான் டிக்கெட் குடுக்குறான்." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அந்த மிச்சம் நெளியுதுன்னியே, அத முடிச்சிட்டு அப்புறம் வேலைக்குப் போறதப் பத்திப் பேசலாம்" என்றார்.

அந்த மிச்சத்தை முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. சில வாரங்களுக்கு ஒரு சுற்று. கருந்துளை இல்லை. பெரும்பாலும் நியூட்ரான் நட்சத்திரம், அதாவது பினாங்குத் தீவின் அளவே இருக்கும் ஓர் உருண்டை. சூரியனைவிடக் கொஞ்சம் கூடுதலான எடையை அவ்வளவு சின்ன இடத்துக்குள் திணித்துக்கொண்டு, தன்னைவிடப் பத்து மடங்கு எடையுள்ள நீல நட்சத்திரத்தை மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் பல பெயர்களுக்கு நடுவே வந்தது. நன்றியுரையில் பவானி அக்காவின் பெயரும் இருக்கிறது. மேசையைச் சந்தேகப்பட்டதற்காக. டாக்டர் ரொஸ்னா அந்த வரியை வெட்டவில்லை.

குடும்பத்தில் மட்டும் யாரும் கட்டுரையைக் கண்டுகொள்ளவில்லை. குணா மாமா இன்றுவரை எந்தக் கல்யாண வீட்டிலும் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "இவ நம்ம தர்ஷினி. பூமி சூரியனச் சுத்துதுன்னு ஜார்ஜ்டவுன்ல கண்டுபிடிச்சவ." என் மாமனாரிடமும் முதல் சந்திப்பில் அதையே சொன்னார். அந்த நல்ல மனுஷர் ரொம்ப மரியாதையாக, "ஓ, அப்படியா? எப்பம்மா?" என்று கேட்டார்.

அம்மாவின் கேலிதான் எனக்குப் பிடித்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஒவ்வொரு பிறந்தநாள் காலையிலும் நான் வாழ்த்துச் சொல்ல அழைப்பேன், அவர் என்னைப் பேசவே விடமாட்டார்.

"தர்ஷி, இன்னொரு சுத்து முடிச்சிட்டேன். பொறப்பட்ட எடத்துக்கு ஒழுங்கா வந்து சேந்திருக்கேனான்னு அளந்து பாத்துச் சொல்லு."

"கரெக்டா வந்துட்டீங்கம்மா."

"வேகம் கொறஞ்சிருக்கா?"

"கொஞ்சம்கூடக் கொறையல."

"சரி, வச்சிடுறேன். அடுத்த சுத்து கெளம்பிடுச்சி."